வெளியேறச் சொன்ன குரல்: லில்லிபுஷ்பம் அக்கா

சென்ற வியாழக்கிழமை காலை, கம்பெனியில் பதினொரு மணி டீக்கு பெல் அடித்த நேரத்தில் அக்காவின் மகள் ஜெனிபரிடமிருந்து போன் வந்தது. கட்டிங் மேசையில் துணி விரித்துக்கொண்டிருந்ததால் முதல் அழைப்பை எடுக்கவில்லை. இரண்டாவது முறை எடுத்தேன். “அம்மா போயிட்டாங்க மாமா” என்றாள். ஆறு மாதமாக எதிர்பார்த்திருந்த செய்திதான். இருந்தாலும் அன்று மாலை வரை எனக்குக் கத்திரி பிடிக்க வரவில்லை.

லில்லிபுஷ்பம் அக்காவைத் திருப்பூரில் பெயரால் தெரிந்தவர்கள் குறைவு. குரலால் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை ஞாயிறு மதியங்களில் தொலைக்காட்சியில் தமிழ் பேசும் அமெரிக்கப் புயல் படங்கள் ஓடும். தியேட்டருக்கு வராதவை, தொலைக்காட்சிக்கென்றே குறைந்த செலவில் எடுக்கப்பட்டவை. சுழற்காற்று, பனிப்புயல், கடல் பொங்குவது, வெயிலில் ஊர் எரிவது என்று ஏதாவது ஒன்று நடக்கும். எல்லாப் படத்திலும் கண்ணாடி போட்ட ஒரு பெண் விஞ்ஞானி வருவார். ஆபத்து வருகிறது என்று அவர் ஒருவர் மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பார், யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பெண்ணுக்குத் தமிழில் குரல் கொடுத்தவர் அக்கா. அவர் பேச்சைக் கேட்காத மேயருக்குக் குரல் கொடுத்தவன் நான்.

அக்காவுக்குச் சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். கல்லூரியில் ஆங்கிலம் எடுத்து ஒரு வருடம் படித்தவர். திருமணமாகித் திருப்பூருக்கு வந்தார். கணவர் அருள்தாஸ் சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்தார். மகள் ஜெனிபருக்கு எட்டு வயதாகும்போது அவர் மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அக்கா எங்கள் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தார். தைத்து வரும் பனியனில் ஓட்டை, தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை பார்த்து ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் கடிதங்களில் ஏதாவது புரியவில்லை என்றால் மேனேஜர் செக்கிங் டேபிளுக்கே வந்து அக்காவிடம் கேட்டுவிட்டுப் போவார்.

எங்கள் தெருவில் கேபிள் டிவி நடத்திய பழனிச்சாமி அண்ணன்தான் இந்த டப்பிங் வேலையைக் கொண்டுவந்தவர். சென்னையில் ஒரு நிறுவனம் இப்படங்களை மொத்தமாக வாங்கி, தமிழ்ப்படுத்தும் வேலையை வெளியே கொடுத்துக்கொண்டிருந்தது. திருப்பூரில் செய்தால் இன்னும் குறைவாக முடியும் என்று அண்ணன் எடுத்துவந்தார். லேபிள் அச்சடிக்கும் கடைக்கு மேல்மாடியில் ஒரு அறை. வெளிச் சத்தம் கேட்காமலிருக்க நான்கு சுவரிலும் வேஸ்ட் பனியன் துணியை மூட்டையாகக் கட்டி அடுக்கியிருந்தார். மெஷின் சத்தம் குறைவாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பதிவு. மைக்கில் காற்றுச் சத்தம் விழும் என்பதால் ஃபேன் கிடையாது.

சித்திரை மாதத்தில் அந்த அறைக்குள் நின்றுகொண்டு பனிப்புயல் படம் பேசியிருக்கிறோம். “குளிர் தாங்கவில்லை, என் விரல்கள் உறைந்துவிட்டன” என்று அக்கா பல் நடுங்கப் பேசுவார். பேசி முடித்ததும் முந்தானையை எடுத்து முகத்தையும் கழுத்தையும் துடைத்து, அதே முந்தானையைப் பிழிவார். ஊர் மக்கள் அலறும் காட்சிக்கு எங்கள் கம்பெனி டெய்லர்கள் ஆறு பேர் வந்து அலறுவார்கள். ஒரே அலறலை நாலு படத்துக்குப் பயன்படுத்தினார் அண்ணன். அதில் தப்பு சொல்ல முடியாது. அந்தப் படங்களிலும் ஒரே சுழற்காற்றைத்தான் மூன்று ஊரில் காட்டினார்கள்.

நாங்கள் அதைச் சிரித்துக்கொண்டே செய்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஆங்கில வசனத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், உதட்டசைவுக்குச் சரியாக வரும் வரை எழுதி எழுதி அடிப்பார். காற்றழுத்தம் என்றால் என்ன, மலையில் பெய்த மழை சமவெளிக்கு வர எத்தனை நேரமாகும் என்று ஜெனிபரின் பள்ளிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார். ஒருமுறை பதிவுக்கு நடுவில் என்னிடம் கேட்டார்.

“மேயர் தம்பி, இந்தப் பொம்பள இவ்வளவு வெவரமாச் சொல்லுதா. உம்ம மேயர் ஏன் கேக்கவே மாட்டுக்கான்?”

கேட்டுவிட்டால் படம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுமே என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்று முதல் அவருக்கு நான் மேயர் தம்பி ஆனேன்.

ஒவ்வொரு படத்திலும் விஞ்ஞானி கடைசியாக ஒலிபெருக்கியைப் பிடித்து ஊருக்கே சொல்லும் காட்சி ஒன்று இருக்கும். “மக்களே, இது சோதனை அல்ல. தயவுசெய்து உங்கள் உடைமைகளை விட்டுவிட்டு உடனே வெளியேறுங்கள்.” அக்கா எழுதிய வசனம் அது. எல்லாப் படத்துக்கும் அதையே வைத்தார். கம்பெனியில் அது பெரிய வேடிக்கையாகிவிட்டது. சாயங்காலம் ஷிப்ட் முடியும் பெல் அடித்தால் டெய்லர்கள் ஒருவரையொருவர் பார்த்து, “மக்களே, உடனே வெளியேறுங்கள்” என்று அக்கா குரலிலேயே சொல்லிக்கொண்டு கிளம்புவார்கள். அதை எல்லோரையும்விட நன்றாகச் சொல்பவர் வசந்தி.

வசந்திக்குச் சொந்த ஊர் கொமரலிங்கம். செக்கிங்கில் அக்காவுக்குப் பக்கத்து இருக்கை. கணவர் சுப்பிரமணி நிட்டிங்கில் இரவு ஷிப்ட். ஓடைக்கரையில் வரிசை வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில், கடைசி வரிசையில் குடியிருந்தார்கள். அக்காவின் படம் ஒன்றையும் அவர் விட்டதில்லை. திங்கட்கிழமை காலை முழுக்கதையையும் அக்காவிடமே திரும்பச் சொல்வார். யார் யார் சாகிறார்கள் என்பது அவருக்கு முக்கியமில்லை. கடைசியில் அந்தக் குடும்பம் தப்பித்ததா என்பதுதான் கேள்வி. எப்போதும் தப்பித்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இனி எழுத வேண்டும். இதை எழுதாமல் இந்த அஞ்சலியை முடிக்க எனக்கு உரிமையில்லை.

ஐப்பசி மாதம். திருப்பூரில் மழை இல்லை, நல்ல வெயில். ஜெனிபர் அப்போது கல்யாணமாகி மேற்கே, ஓடை வரும் வழியில் ஒரு கிராமத்தில் இருந்தாள். மதியம் ஒன்றரை மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்து, மலைப்பக்கம் விடிய விடிய மழை, எங்கள் ஊர்க் குளம் உடைந்து தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் போகிறது, கிழக்கே வந்துகொண்டிருக்கிறது என்றாள். அக்கா தெரிந்த அலுவலகங்களுக்கெல்லாம் போன் செய்திருக்கிறார். ஞாயிறு என்பதால் யாரும் எடுக்கவில்லை. உடனே எனக்குப் பேசினார். என் மைத்துனனிடம் விளம்பரம் செய்யும் மைக் ஆட்டோ ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். ஒரு மேகம்கூட இல்லை.

“என்னுங்க்கா, வெயிலு இந்தப் போடு போடுது” என்றேன்.

“மழை இங்கயா பெஞ்சுது? மேக்கல்லா பெஞ்சிருக்கு. தண்ணி நடந்து வரும் தம்பி, கொஞ்சம் நேரமாவும். அவ்வளவுதான். சீக்கிரம் வாங்க.”

சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றேன். அன்று வீட்டில் கறி எடுத்திருந்தோம். சாப்பிட்டேன். சாப்பிட்ட அசதியில் சற்றுத் தலை சாய்த்தேன். அக்கா மறுபடி போன் செய்தபோது, ஆட்டோவுக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பொய் சொன்னேன். நான் அவர் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை தாண்டிவிட்டது. அவர் ஒரு தாளில் சொல்ல வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஏறி உட்கார்ந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

மைக் கையில் வந்ததும் அவர் வாயில் வந்தது டப்பிங் தமிழ்தான். பத்து வருடப் பழக்கம் அது. “மக்களே, இது சோதனை அல்ல. மேற்கிலிருந்து வெள்ளம் வந்துகொண்டிருக்கிறது. தயவுசெய்து உங்கள் உடைமைகளை விட்டுவிட்டு உடனே வெளியேறுங்கள்.” ஓடைக்கரைத் தெருக்களில் குரல் கணீரென்று போனது. ஜனங்கள் வெளியே வந்தார்கள். வந்து சிரித்தார்கள். பிள்ளைகள் ஆட்டோவுக்குப் பின்னால் ஓடிவந்து அதே வசனத்தைத் திருப்பிச் சொன்னார்கள். எந்த டிவியில் போடுகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். அக்கா ஆட்டோவை விட்டு இறங்கி இறங்கிக் கெஞ்சினார். ஒவ்வொரு தெருவிலும் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் ஆனது. முதல் இரண்டு வரிசையில் ஏழு குடும்பங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனார்கள்.

கடைசி வரிசைக்குப் போகும் சந்தில் ஆட்டோ நுழையாது. முனையிலிருந்தே பேசினார். வசந்தி வாசலில் வந்து நின்றார். கையில் கரண்டி இருந்தது.

“ஏனுங்க்கா, புதுப்படமுங்களா?” என்று சத்தமாகக் கேட்டார்.

அக்கா மைக்கிலேயே சொன்னார், இது படம் அல்ல, உண்மை, உன் கணவரை எழுப்பிக்கொண்டு உடனே வெளியேறு என்று. வசந்தி சிரித்தார். “அவரு நைட் சிப்ட்டுங்க்கா, இப்பத்தான் படுத்தாரு. கடைசில எல்லாருந்தான் தப்பிச்சுக்குவாங்களே” என்றார். சொல்லிவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, சரிங்க்கா, எழுப்பறேன் என்று உள்ளே போனார். அவர் வந்துவிடுவார் என்று நாங்கள் ஆட்டோவைத் திருப்பினோம்.

அடுத்த தெருவின் பாதியில் இருந்தபோது தண்ணீர் வந்தது. சத்தம்தான் முதலில். பிறகு சாய நுரையும் முள்ளும் மூட்டைகளுமாக, கறுப்பாக, முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஒரே மூச்சில் ஏறியது. கடைசி வரிசையின் பின்சுவர் அப்படியே உள்பக்கம் சாய்ந்தது. சுப்பிரமணியைக் கதவோடு சேர்த்து வெளியே இழுத்தார்கள். வசந்தியை மறுநாள் காலை சுவருக்கு அடியிலிருந்து எடுத்தோம். ரேஷன் கார்டு வைத்திருந்த மஞ்சப்பை அவர் கையில் இருந்தது. கிளம்பத்தான் கிளம்பியிருக்கிறார். பத்து நிமிடம் கூடுதலாக இருந்திருந்தால் மேட்டுக்கு வந்திருப்பார்.

மூன்றாம் நாள் அக்காவும் நானும் கொமரலிங்கத்துக்குத் துக்கம் கேட்கப் போனோம். சுப்பிரமணி தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். கோபமே இல்லாமல், அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

“நீங்க டிவில பேசற மாதிரி பேசிட்டீங்கக்கா. எப்பவும் பேசற மாதிரி, ‘ஏட்டி வசந்தி, வெளிய வாட்டி’ன்னு ஒரு சத்தம் போட்டிருந்தீங்கன்னா, கரண்டியப் போட்டுட்டு ஓடி வந்திருப்பாளுங்க.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவர் பேசிய தமிழில் ஒன்றுமில்லை, நான் சாப்பிட்டுப் படுத்த நேரத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நெல் வயலுக்கும் கரும்புக்கும் நடுவில் திரும்பி வந்த பஸ்ஸில் இரண்டு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் இன்னொரு படம் வந்தது. அணை உடையும் கதை. அக்கா வசனம் எழுதிக்கொண்டு வந்தார். ஒலிபெருக்கிக் காட்சியில் அமெரிக்க விஞ்ஞானி, “ஏ பிள்ளைகளா, தண்ணி வருது, சோத்துப் பானையப் போட்டுட்டு மேட்டுக்கு ஓடுங்க” என்று பேசினார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அப்படியே பதிந்து அனுப்பினோம். சென்னையிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். விஞ்ஞானி இப்படிப் பேசுவாரா, மாற்றிக் கொடுங்கள் என்றார்கள். பழனிச்சாமி அண்ணன் அக்காவிடம் எவ்வளவோ எடுத்துச் சொன்னார்.

“உசுரு போவயில என்ன இலக்கணம் அண்ணாச்சி?” என்றார் அக்கா. “இப்படிப் போடுறதுன்னா போடுங்க. இல்லன்னா எனக்கு வேண்டாம்.”

வேறொரு பெண் அந்தக் காட்சியைப் பழைய தமிழிலேயே பேசினார். அக்கா அந்த அறைக்கு மறுபடி ஏறவில்லை. சில ஆண்டுகளில் அந்தப் படங்களை வாங்குவதையே டிவிக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே தமிழ் பேசிவிடுகிறதாம்.

லைன் வீடுகளை அதே இடத்தில் மறுபடி கட்டினார்கள். கடைசி வரிசைக்கும் சுவர் எழும்பி, சுண்ணாம்படித்து, ஆள் குடிவந்தது. மேற்கே வானம் கறுத்தால் போதும், அக்கா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அங்கே போய்விடுவார். மைக் கிடையாது. கதவு கதவாகத் தட்டி, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். புதிதாக வந்த வடநாட்டுக் குடும்பங்களுக்காக, தண்ணீர் வருகிறது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே போங்கள் என்பதை, “பானி ஆ ரஹா ஹை, பச்சே கோ லேக்கர் ஊப்பர் ஜாவோ” என்று இந்தியில் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். முதல் தடவை சிலர் மேட்டுக்குப் போய் உட்கார்ந்தார்கள். தண்ணீர் வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை. மூன்றாவது தடவை கதவைத் திறக்காமலே போகச் சொன்னார்கள். பிறகு வீட்டுச் சொந்தக்காரர் என்னிடம் வந்து, “அந்தம்மாவ வரவேண்டாம்னு சொல்லுங்க. குடியிருக்கறவங்க பயந்துக்கறாங்க” என்றார். நான் அதை அக்காவிடம் சொன்னேன். சரி தம்பி என்றார். இருந்தும் போய்க்கொண்டுதான் இருந்தார், படியேற மூச்சு இடம் கொடுக்காத நாள் வரைக்கும்.

மூச்சுதான் அவரைக் கொண்டுபோனது. நுரையீரல் பாதி வேலை செய்யவில்லை என்றார்கள் மருத்துவமனையில். ஆறு மாதம் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக இருந்தார். நான் மூன்று முறை போய்ப் பார்த்தேன். மூன்று முறையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். முதல் முறை ஜெனிபர் பக்கத்தில் இருந்தாள். இரண்டாம் முறை அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கடைசி முறை நாங்கள் இருவர் மட்டும்தான். மூக்கில் குழாயோடு என்னைப் பார்த்தார்.

“மேக்க மழையா தம்பி?”

“இல்லீங்க்கா” என்றேன். “நல்ல வெயிலுங்க்கா.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தனக்குள் பேசுவது போல, “நான் ஒழுங்காக் கூப்பிடல” என்றார். யாரை என்று எனக்குத் தெரியும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அடக்கம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். கம்பெனி வேனில் வந்தவர்கள் இரண்டு மணிக்குள் திரும்பியாக வேண்டும் என்பதால் போதகர் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார். கொமரலிங்கத்திலிருந்து சுப்பிரமணி பஸ் ஏறி வந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. எல்லோரும் போட்ட பிறகு அவரும் ஒரு பிடி மண் போட்டார். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, வேப்ப மர நிழலில் நிறுத்தி, அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இத நீங்க அந்தக்காகிட்டச் சொல்லியிருக்கணுமுங்க” என்றார். பல்லடம் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நடந்துவிட்டார்.

எல்லோரும் போன பிறகு குழி வெட்டிய பெரியவர் மண்ணைக் கையால் தட்டி மேடு கட்டினார். புழுதியாக இருந்த மண் கட்டுப்படவே இல்லை, சரிந்துகொண்டே இருந்தது. குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். ஊற்றிய கையோடு அது உள்ளே போய்விட்டது. இன்னொரு குடம் ஊற்றினார். அதுவும் போய்விட்டது. போதுமுங்க என்று நான்தான் சொன்னேன்.

அக்கா, உங்கள் தமிழில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் நேரத்துக்குக் கூப்பிட்டீர்கள். வராதவன் நான். உங்களுக்குக் காது கேட்ட காலத்தில் சொல்லாததை, கேட்காத இடத்தில் நின்று சொல்கிறேன். இதனால் உங்களுக்கு இனி ஒன்றும் ஆகப்போவதில்லை. தூங்குங்கள்.